வைத்தியருக்குக் காட்டாத கொப்பி

3 மே 1982, திங்கள்

காலையிலேயே வெயில் சுள்ளென்று. காற்றே இல்லை. தென்னோலை ஒன்றும் அசையவில்லை.

பஸாரில் எண்பது பக்கக் கொப்பி இரண்டு வாங்கினேன். ஒன்று ஆயுள்வேத வைத்தியருக்கு. வாயில் போவதை எல்லாம் நேரத்தோடு எழுதி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மற்றது எனக்கு. அதில் எழுத முடியாதது இதில்.

வைத்தியரிடம் ஏன் போனேன் என்பது. சனிக்கிழமை கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டில் பிள்ளைப்பேறு. பெண் பிள்ளை, நல்லபடியாகப் பிறந்தது. நச்சுக்கொடியும் வந்துவிட்டது. பிள்ளையைத் துடைத்துத் தாயின் நெஞ்சில் வைத்துவிட்டு எழும்பினேன். கண் இருண்டது. விழித்தபோது பாயில் கிடக்கிறேன், முகமெல்லாம் தண்ணீர், சுற்றிவரப் பெண்கள். பெற்றவள் கட்டிலில் எழும்பியிருந்து என்னைப் பார்த்து அழுகிறாள். பதினெட்டு வருடமாக அரசாங்க மருத்துவிச்சி வேலை, ஊருக்கு மிஸி. இப்படி ஒருநாளும் இல்லை. இரண்டு நிமிடம் முந்தி விழுந்திருந்தால் பிள்ளை என் கையில்.

வாசல் தாண்டும்போது பின்னால் யாரோ: "இந்த மிஸிக்கே ஒரு மிஸி வேணும் போல."

வைத்தியர் தவராசா காரைதீவுக்காரர். என்னைவிடப் பத்து வயது இளையவர். நாடி, நாக்கு, நகம் பார்த்தார். கீழிமையை இழுத்துப் பார்த்தார்.

"ரத்தம் குறைஞ்சிட்டுது மிஸி. வயிறு எப்பிடி?"

"எரிவு. சாப்பிட்டாலும் எரியும், சாப்பிடாட்டியும் எரியும்."

"மலம் கறுப்பாப் போகுதா?"

"இல்ல."

பொய். மூன்று கிழமையாகக் கறுப்புத்தான். தார் மாதிரி. உள்ளே எங்கோ இரத்தம் கசிகிறது என்று அர்த்தம், அது எனக்குத் தெரியும். உம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. வயிற்றில் கட்டி. ஏழு மாதத்தில் மவுத்.

என் வீட்டுக்காரர், இவருக்கும் சொல்லவில்லை, ராத்தாவுக்கும் சொல்லவில்லை.

4 மே, செவ்வாய்

வைத்தியர் சொன்னவை, மறக்குமுன்:

எழும்பியதும் தேத்தண்ணீர் கூடாது. கொத்தமல்லி அவித்த தண்ணீர், இளஞ்சூட்டில்.
ஏழு மணிக்கு இலைக்கஞ்சி: சிவப்பரிசி, வல்லாரை, கறிவேப்பிலை, இறக்கும்போது தேங்காய்ப்பால்.
பகல் சோறு பன்னிரண்டரைக்கு. இருந்து சாப்பிட வேண்டும். ("சைக்கிளுக்குப் பக்கத்தில நிண்டு தின்ற பணிசுக்குப் பேர் சாப்பாடு இல்ல.")
உறைப்புக் குறைவு, கொச்சிக்காய் பாதி. புளி ஒரு மாதத்துக்கு இல்லை. கருவாட்டுப் பொரியலும் இல்லை.
எருமைத் தயிரை மோராக அடித்து, வறுத்த சீரகம் போட்டு.
அதிமதுரக் கஷாயம், பின்னேரம்.
பொழுதுபடக் கடற்கரையில் அரை மணி நடை.
நேரத்தோடு நித்திரை. பிள்ளைகள் பிறக்கும் நேரம் அவருக்குத் தெரியாது போல.

கிளினிக்கில் இன்று தாய்மாருக்கு நான் சொன்னது: முருங்கைக்கீரை, முட்டை, சின்ன மீன், நேரத்துக்குச் சோறு.

இன்று நான் சாப்பிட்டது:
5.30 வெறுந்தேத்தண்ணீர், கடும் சாயம்.
6.00 தலையிடி. வழமையான இரண்டு குளிசை.
8.00 தேத்தண்ணீர்.
11.00 ஒரு வீட்டில் தேத்தண்ணீர், பிஸ்கட் இரண்டு.
2.45 ஆறிய சோறு, புளியாணம், பொரித்த சூடை மீன். நின்றபடி.
இரவு பாண், வாழைப்பழம்.

கஞ்சி நாளையிலிருந்து. வைத்தியருடைய கொப்பியில் இன்றே கஞ்சி என்று எழுதிவிட்டேன்.

7 மே, வெள்ளி

இன்றுதான் கஞ்சி வைத்தேன். நல்ல பச்சை. இவர் கடைக்குப் போக வெளிக்கிட்டவர் (பஸாரில் தையல் கடை) கோப்பையை எட்டிப் பார்த்து, "இது ஆட்டுக்கா எனக்கா?" என்றார். ஒரு வாய் குடித்தார். பிறகு கோப்பையை இன்னொரு தடவை நீட்டினார்.

உப்புக் கூடிவிட்டது. நாளைக்குக் குறைக்க.

குளிசை இரண்டு, 6 மணிக்கு. பின்னேரமும் இரண்டு.

மகளுக்குக் கடிதம் போட வேண்டும். ஹொஸ்டலில் சோறு வேகாமல் வருகிறதாம். அவளுக்கும் என் வயிறு வந்துவிடக் கூடாது.

9 மே, ஞாயிறு

ராத்தா வந்தாள். என் உடன்பிறந்த மூத்தவள், வேலிக்கு அங்கால் வீடு. என் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எனக்கு முன்னம் அவளுக்குத் தெரியும். ஒரு கையில் கருஞ்சீரகமும் தேனும், மற்றக் கையில் ஒரு போத்தல் ஓதின தண்ணீர்.

"வைத்தியர் தந்தத்தையும் குடி, இதையும் குடி. ரெண்டும் வயித்துக்குள்ள சண்ட பிடிக்கா."

"எனக்கு ஒண்டுமில்லகா ராத்தா."

"ஒண்டுமில்லாதவளா ஊரார் வீட்டுப் பாயில விழுந்த?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போய், நான் கழுவி வைத்திருந்த கோப்பைகளைத் திரும்ப எடுத்துக் கழுவினாள். ஏன் என்று விளங்கவில்லை.

கருஞ்சீரகம் கசப்பு. தேன் நல்ல தேன்.

12 மே, புதன்

ஒபிசில் பெரிய டொக்டர் கூப்பிட்டார். கடற்கரை வீட்டுக் கதை அவருக்குப் போயிருக்கிறது. கோபமில்லை. அதுதான் கஷ்டம்.

"கொஞ்ச நாளைக்கு வீட்டுப் பேறு வேண்டாம். கிளினிக்கை மட்டும் பாருங்க. மற்றப் பகுதி மிஸி உங்கட வேலையையும் பாத்துக்கொள்ளுவா."

"ஓம் சேர்."

இந்த மாதம் எனக்கு நாலு பேர் இருந்தார்கள். நாலாம் மாதத்திலிருந்து நானே வயிறு தொட்டுப் பார்த்தவர்கள். பெயர்களை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வரை நடை. ஏறி மிதிக்கப் பயம். பள்ளிவாசல் சந்தியில் ஒருவர், "என்ன மிஸி, காத்துப் போயிட்டா?" ஓம் என்றேன்.

17 மே, திங்கள்

வைத்தியரிடம் கொப்பி காட்டும் நாள். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அழகாக, நேராக, கோடு போட்டு எழுதியிருந்தேன்.

"ரெண்டு கிழமையும் பன்னெண்டரைக்குச் சரியாச் சோறு. ஒரு நாள் கூடப் பிந்தல்ல."

"ஓம்."

"இந்தக் கரையில அப்பிடிச் சாப்பிடுற மிஸி ஒராளை நான் இன்னும் காணல்ல."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், சிரிப்பு நின்றுவிட்டது. "போன முறையைவிட வெளிறிக் கிடக்கு. கஞ்சியும் கீரையும் இப்பிடிச் சாப்பிட்ட ஆளுக்கு இது சரியில்ல. என்னமோ ஒண்டு விடுபட்டிருக்கு மிஸி. யோசிச்சுப் பாருங்க."

கஞ்சி பொய்யில்லை. ஒரு கிழமையாக ஒழுங்காகக் குடிக்கிறேன். மோரும். புளி விட்டு நாலு நாள். பகல் சோற்றைத்தான் கூட்டி எழுதினேன்.

வீட்டுக்கு வரும்போது படியில் இருந்து மூச்சு வாங்கினேன். நாலே படி.

20 மே, வியாழன்

கிளினிக். முப்பத்தொரு பேர். வெக்கை. விசிறி ஓடவில்லை.

ஏழு மாதக்காரி ஒருத்தி, இரண்டாவது பிள்ளை. கதிரையில் இருந்ததும் நெஞ்சைப் பிடித்தாள்.

"எரிவு மிஸி. தாங்க ஏலா."

"காலத்தால என்ன சாப்பிட்ட?"

"தேத்தண்ணி. மறுகா தலையிடிக்கி ரெண்டு குளிசை."

"எத்தின நாளா?"

"எந்த நாளும்தான். போட்டாத்தான் வேல ஓடும்."

எனக்கு வந்ததே கோபம். "விசராகா உனக்கு? வெறும் வயித்தில அந்தக் குளிசையப் போட்டா வயிறு புண்ணாகும். ரத்தம் கசியும். ரத்தம் போனா களைக்கும், களைச்சாத் தல இடிக்கும், மறுகா இன்னும் ரெண்டு குளிசை போடுவ..."

நிறுத்திவிட்டேன். அவள் என் வாயைப் பார்த்தபடி.

"மறுகா மிஸி?"

மறுகா என்ன சொன்னேன் என்று நினைவில்லை. குளிசையை விடச் சொன்னேன், சோறு தின்னச் சொன்னேன், டொக்டரிடம் அனுப்பினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து இந்தக் கொப்பியைத் தொடக்கத்திலிருந்து பார்த்தேன். சாப்பாடு எழுதிய இடத்தில் எல்லாம் அந்த வரி இருக்கிறது, எழுதாத நாளும் போட்டதுதான். குளிசை இரண்டு. சில நாள் நாலு. வைத்தியருடைய கொப்பியில் ஒன்றுகூட இல்லை. மறைக்க நினைத்து மறைக்கவில்லை. சாப்பாடு என்றுதானே கேட்டார், குளிசை சாப்பாடு இல்லையே என்று இருந்துவிட்டேன். பதினெட்டு வருடம் மற்றவர்களுக்குச் சொன்ன வாய். வெட்கமாக இருக்கிறது.

இது குளிசையால் வந்ததாக மட்டும் இருந்தால். யா அல்லாஹ், அதாக மட்டும் இருந்தால்.

21 மே, வெள்ளி

வைத்தியரிடம் போனேன், அவர் வரச் சொல்லாமலே. இந்தக் கொப்பியைக் கையில் கொடுக்கவில்லை, குளிசை வரிகளை மட்டும் வாசித்துக் காட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கறுப்பு?"

"ஓம்."

"எத்தின நாளா?"

"அஞ்சாறு கிழம."

"அண்டைக்குக் கேட்டன்தானே."

"உம்மாக்கு வயித்தில கட்டி. அதுல மவுத்தானவ. பேரச் சொன்னா வந்திரும் எண்டு பயந்தன்."

பேனாவை எடுத்துக் கடிதம் எழுதினார், ஆஸ்பத்திரி டொக்டருக்கு. "குளிசையால வந்த புண்ணாயிருக்கலாம். வேறயாவும் இருக்கலாம். பாக்காம ரெண்டில எதையும் நான் சொல்ல மாட்டன். முதல் அங்க போங்க. கஞ்சியும் மோரும் நிப்பாட்டாதீங்க. அதிமதுரத்தை மட்டும் அந்த டொக்டரிட்டச் சொல்லிப்போட்டுக் குடிங்க."

கோபிப்பார் என்று நினைத்தேன். கதவு வரை வந்து வழியனுப்பினார்.

24 மே, திங்கள்

ஆஸ்பத்திரி. இரத்தம் எடுத்தார்கள். இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருக்கிறதாம். "இதை வச்சிக்கொண்டா சைக்கிள் ஓடினீங்க?" என்று டொக்டர் கேட்டார். தலையிடிக் குளிசை இனி ஒன்றும் இல்லை. இரும்புக் குளிசை, வயிற்றுக்கு வெள்ளைப் பாணி மருந்து. மட்டக்களப்பில் எக்ஸ்றே எடுக்கக் கடிதம்.

இரும்புக் குளிசையாலும் கறுப்பாகப் போகுமாம். இனிக் கறுப்பைக் கண்டு பயப்படவும் வழியில்லை, பயப்படாமல் இருக்கவும் வழியில்லை.

26 மே, புதன்

தலையிடிக் குளிசை விட்டு மூன்றாம் நாள். தலை பிளக்கிறது. வேலைக்குப் போகவில்லை. தேங்காய்ப்பால் விட்டுச் சூடை மீன் பாலாணம் வைத்துப் பாதி சாப்பிட்டேன்.

இவர் கடையிலிருந்து நீளமான வெள்ளைத் துணித் துண்டு கொண்டுவந்து தலையில் இறுக்கிக் கட்டினார். தைக்கிற மனிதனின் கட்டு, அவிழவே இல்லை. இஞ்சி தட்டி நெற்றியில் போட்டார். குளிசை டின்னைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"எறிஞ்சிட்டன்."

"எங்க?"

"சொல்ல மாட்டன்."

29 மே, சனி

விடிய எழும்பி சுபஹ் தொழுது முடித்து ஸலாம் கொடுத்த பிறகுதான் தெரிந்தது, தலையிடி இல்லை. கொஞ்ச நேரம் தொழுகைப் பாயிலேயே இருந்தேன், திரும்பி வருகிறதா என்று. வரவில்லை.

கொத்தமல்லித் தண்ணீர். கஞ்சி இரண்டு கோப்பை.

30 மே, ஞாயிறு

எக்ஸ்றேக்குத் துணை வேண்டும். ராத்தாவைக் கூப்பிட்டு இவருக்கும் அவளுக்கும் ஒன்றாகச் சொன்னேன். கறுப்பு, குளிசை, உம்மா, எல்லாம்.

இவர் எழும்பி வெளியே போனார். கிணற்றடியில் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது, வாளி வாளியாக. தொட்டி ஏற்கெனவே நிறைந்துதான் இருந்தது.

ராத்தா: "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"உன்ட மொகம் உம்மாட மொகமா மாறிட்டு வந்திச்சி. அண்டைக்கே கண்டன். கேக்கப் பயந்து கோப்பையக் கழுவினன்."

இரண்டு பேரும் அழுதோம். பிறகு முருங்கைக்கீரை ஆய்ந்தோம், ஒரு பெரிய சுளகு நிறைய. அவள் ஆயும்போது காம்பையும் சேர்த்துப் போடுகிறாள், சொன்னால் கேட்க மாட்டாள்.

3 ஜூன், வியாழன்

விடிய முதல் பஸ். ஒன்றும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். ராத்தாவும் சாப்பிடவில்லை. "நீ பசியோட இரிக்க நான் திண்டா தொண்டைக்குள்ள இறங்கா." களுவாஞ்சிக்குடி வரை ஸலவாத்து ஓதினாள். அதற்குப் பிறகு என் தோளில் நித்திரை.

வெள்ளையாக ஒன்று குடிக்கத் தந்தார்கள், பெரிய கோப்பையில். சுண்ணாம்பைக் கரைத்த மாதிரி. மேசை குளிர். திரும்பு, சரி, மூச்சைப் பிடி, விடு. படம் எடுத்தவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதாவது தெரிகிறதா என்று. அவர் ஒரு தடவை கொட்டாவி விட்டார். அவ்வளவுதான்.

முடிவு ஒரு கிழமை.

வெளியே வந்து இடியப்பமும் பாலாணமும். ராத்தா பதினொன்று. நான் ஆறு.

7 ஜூன், திங்கள்

கச்சான் காற்று எழும்பிவிட்டது. கொடியில் போட்ட சீலை தெருவில். வீடு முழுவதும் மண்.

காத்திருப்பு. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், வேறு செய்ய ஒன்றுமில்லை. வெள்ளரிக்காய்ப் பாலாணம், வல்லாரைச் சம்பல், மோர். பொழுதுபட இவரோடு கடற்கரையில் நடை. வலை இழுப்பதைப் பார்த்தோம். திரும்பி வரும்போது, "மூச்சு வாங்கல்ல போல" என்றார். கவனித்தேன். வாங்கவில்லை.

10 ஜூன், வியாழன்

கட்டி இல்லை.

புண். இரைப்பை முடிகிற இடத்தில், ஒன்று. டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து விரலால் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். ஆறும் என்றார். மூன்று மாதமாவது பிடிக்கும். மருந்து, சாப்பாடு, நேரம். ஓகஸ்ட் கடைசியில் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கடைக்கு நேரே போனேன். பெண்கள் சட்டை அளவு கொடுத்துக்கொண்டு நிற்கிறார்கள், பெருநாள் தையல் இப்போதே தொடங்கிவிட்டது. வாசலில் நின்று, "இல்லயாம்" என்று மட்டும் சொன்னேன். இவர் மெஷினை மிதிப்பதை நிறுத்தினார். கத்தரிக்கோலை எடுத்தார், வைத்தார், திரும்ப எடுத்தார். "சரி. போய்ச் சாப்பிடு."

ராத்தாவுக்கு வேலியால் சொன்னேன். அவள் சத்தத்துக்கு மூன்று வீட்டார் வெளியே வந்தார்கள்.

வைத்தியருக்கும் சொல்லிவிட்டு வந்தேன். "அப்ப இனி உண்மையான கொப்பி எழுதலாம்" என்றார்.

18 ஜூன், வெள்ளி

இரத்தம் கூடியிருக்கிறது. பெரிய டொக்டர் வீட்டுப் பேறு பார்க்கலாம் என்றார், இன்னொரு மிஸியும் கூட நிற்க வேண்டும் என்று. இன்று ஒரு வீட்டில் பேறு, அவரும் வந்து நின்றார். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றே முக்கால். ஆண், நல்ல கனம். எல்லாம் முடித்து மெதுவாக எழும்பினேன். சுவர் சுவராகவே நின்றது.

அந்த வீட்டில் தேத்தண்ணீர் நீட்டினார்கள். மோர் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இருந்தது.

இப்போது இருக்கிற மாற்றம், வைத்தியர் கேட்டதற்காக: எரிவு கிழமைக்கு இரண்டு தரம், அதுவும் பின்னேரம். தினம் காலை வயிறு சுத்தம். மத்தியானம் கண் சொருகுவது இல்லை. ஒபிஸ் படியில் நிற்காமல் ஏறுகிறேன். தலைமயிர் கொட்டுவது அப்படியேதான்.

புளியாணம் கனவில் வந்தது.

21 ஜூன், திங்கள்

நோன்பு வருகிறது. போன வருடம் வயிற்றுக் கோளாறால் பதினொரு நோன்பு விட்டேன். இந்த வருடம் முழுதும் பிடிப்பேன் என்று நிய்யத்து வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி டொக்டர் கூடாது என்றார். வைத்தியரும் கூடாது என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னால் தப்ப இடமில்லை. நோயாளிக்கு மார்க்கம் இடம் தந்திருக்கிறது, சுகமான பிறகு விட்டதைப் பிடித்துக் கழாச் செய்யலாம், எல்லாம் தெரியும். வீட்டுக்கு வீடு தாய்மாருக்கு நானே சொல்லியிருக்கிறேன், "ஏலாட்டி விடுங்ககா, அல்லாஹ் இரக்கமுள்ளவன்" என்று. எனக்குச் சொல்லும்போது வாய் வரவில்லை.

24 ஜூன், வியாழன்

நேற்றுப் பிறை கண்டார்கள். தலை நோன்பு.

விடியமுன் சஹருக்கு எழும்பி இவருக்குச் சோறு வைத்தேன். எனக்கும் வைத்துச் சாப்பிட்டேன், நோன்பு பிடிக்கிறவள் போல.

ஏழு மணிக்குக் கஞ்சி வைக்கவில்லை. ஊர் முழுக்க அடுப்பு அணைந்திருக்க என் குசினியில் மட்டும் புகை போனால்? பன்னிரண்டரைக்குச் சோறும் இல்லை. ஒரு மணிக்குக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு சட்டியைத் திறந்தேன். வேலிக்கு அங்கால் ராத்தாவின் இருமல். மூடி வைத்துவிட்டேன். மருந்தும் குடிக்கவில்லை. மூன்று மணிக்கு எரிவு, பழைய எரிவு, முதுகு வரை. நாலு மணிக்கு இவர் வந்து பார்த்தபோது நிலத்தில் படுத்திருந்தேன்.

"என்ன திண்ட?"

சொன்னேன்.

"ஏன்?"

"வெக்கம்."

கதவைத் திறந்து விட்டுக் காற்று வரச் செய்தார். மோர் கலக்கித் தந்தார்.

25 ஜூன், வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து நேரே வீட்டுக்கு வந்தார். வெள்ளியில் அப்படி வருவதில்லை, பெருநாள் தையல் கழுத்து வரை. தொப்பியைக் கழற்றவில்லை. குசினிக்குள் போய்ச் சட்டிகளைத் திறந்து பார்த்தார். காலையில் நான் ஆக்கி வைத்தது அப்படியே இருந்தது. மணி ஒன்றரை.

"இரி."

"நீங்க நோன்பு. நீங்க தொடாதீங்க. நான் எடுக்கன்."

"இரி எண்டன்."

பாயை விரித்தார். சிவப்பரிசிச் சோறு, முருங்கைக்கீரைச் சுண்டல், பாரை மீன் பாலாணம், கொச்சிக்காய் கிள்ளிப் போட்டது. மருந்துப் பாணியும் கரண்டியும் பக்கத்தில். மணம் அவர் மூக்குக்கும் போயிருக்கும். தண்ணீர் வார்த்துத் தந்துவிட்டு, பையிலிருந்து ஒரு சின்னச் சட்டையும் ஊசியும் எடுத்துக்கொண்டு போய் வாசற்படியில் தெருவைப் பார்த்து இருந்தார், முதுகு என் பக்கம். வாசல் அகலம் அவர் முதுகுக்குச் சரியாக இருந்தது. பொத்தான் தைக்கத் தொடங்கினார்.

தெருவில் போகிறவர் யாரோ சலாம் சொன்னார். இவர் பதில் சொன்னார். அசையவில்லை. வேலிப் பக்கமிருந்து ராத்தா, "எங்க மச்சான் அவள்?"

"உள்ளுக்கு. சாப்பிர்றா."

சத்தமாகத்தான் சொன்னார். ராத்தாவின் குரல்: "நல்லாத் தின்னச் சொல்லுங்க. வேலியால தயிர் தாறன்."

நான் சோற்றுக் கோப்பையைப் பார்த்தேன். பிசைந்தேன். முதல் வாய் கண்ணீரோடு உப்பாக இறங்கியது. இரண்டாவது சோறாகவே இறங்கியது. கீரை நன்றாக வெந்திருந்தது. மீன் துண்டை முள் எடுத்து முழுதும் தின்றேன். கோப்பை வெறுமையாகியும் பசி நிற்கவில்லை. வயிறு எரிகிற பசி இல்லை, வெறும் பசி. எத்தனை மாதத்துக்குப் பிறகு என்று தெரியாது.

"முடிஞ்சா?" என்றார், திரும்பாமல்.

"இன்னம் கொஞ்சம் சோறு போடுங்க" என்றேன்.